மீனில்லா மண்டலம்

ஐந்தாம் பிளாக்கில் மறுபடியும் அம்மை வந்துவிட்டது என்பதை வடிவு லிஃப்டிலேயே தெரிந்துகொண்டாள். மூன்றாம் மாடியில் ஏறிய பெண்மணியின் கையில் ஒரு கொத்து வேப்பிலை இருந்தது. வடிவைப் பார்த்ததும் அதைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொள்ளப் பார்த்தாள். பாதிதான் ஒளிந்தது.

"யாருக்கு?" என்று கேட்டாள் வடிவு.

"எங்க வீட்டு வண்ணத்துப்பூச்சி மீனுக்கு மேடம். நேத்து ரெண்டு முத்துதான் இருந்துச்சு. காலைல பாத்தா உடம்பு பூரா."

"தண்ணிக்குள்ள வேப்பிலை போட்டுடாதீங்க."

"சேச்சே! வாசல்ல மட்டும்தான் கட்டுவேன்."

அவள் சொன்ன வேகத்திலேயே, ஏற்கெனவே போட்டாயிற்று என்பது தெரிந்தது.  கடல்சுவர்த் துறையில் மீன் டாக்டராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் அவள் கற்றது இதுதான்: மீன்களுக்கு வைத்தியம் பார்ப்பது சுலபம், மீன் வளர்ப்பவர்களுக்குத்தான் மருந்து இல்லை.

கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்த பிறகு அரசாங்கத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. முன்னொரு காலத்தில் வீட்டுக்கொரு மரம் வளர்க்கச் சொன்னார்கள் அல்லவா, அதே மாதிரி வீட்டுக்கொரு பவளம். கடற்கரையிலிருந்து குழாய் போட்டு, குளிரவைத்த கடல்நீரை அடுக்குமாடிகளுக்குள் விட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஹாலின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் பவளப்பாறை, இறால், பவளத்தோடு வாழ வேண்டிய மீன்கள். டிவி இருந்த இடத்தில் கடல் வந்து உட்கார்ந்தது. இடத்தை அடைக்கிறது என்று முதலில் முணுமுணுத்தவர்கள்கூட, வருஷம் திரும்புவதற்குள் மீன்களுக்குப் பெயர் வைத்தார்கள், பிறந்தநாள் கொண்டாடினார்கள், மீன் தனியாக இருக்கும் என்று சொல்லிச் சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்திக்கு முந்தி, சாப்பிட்ட கையோடு கிளம்பினார்கள். நம் ஜனங்களுக்கு எதைக் கொடுத்தாலும் உறவாக்கிக்கொள்ளத்தான் தெரியும்.

ஏற்பாட்டில் ஒரே ஒரு சங்கடம். ஒரு பிளாக்கின் இருநூறு வீடுகளுக்கும் ஒரே தண்ணீர். முதல் மாடியில் நுழைந்து, வீடு வீடாகச் சுற்றி, மொட்டைமாடி போய்த் திரும்பி வரும். ஒரு வீட்டு மீனுக்கு வந்தது எல்லா வீட்டுக்கும் வரும்.

வந்தது வெண்புள்ளி நோய். மீனின் தோலுக்கடியில் புகுந்து தின்னும் ஓர் ஒட்டுண்ணி. உப்புத் தூவிய மாதிரி உடம்பெங்கும் வெள்ளை முத்துகள். செவுளையும் அடைத்துவிட்டால் மீன் மூச்சுத் திணறிச் சாகும். துறை அதற்கு நீளமான லத்தீன் பெயர் ஒன்றை வைத்திருந்தது. குடியிருப்புக்காரர்கள் முத்தைப் பார்த்தார்கள், அம்மை என்றார்கள், வாசலில் வேப்பிலை கட்டினார்கள்.

முதல் தடவை அது வந்தபோது வடிவு ஒரு கூட்டம் போட்டாள். சங்கச் செயலாளர் தன்விக்தான் எல்லோர் சார்பிலும் கேள்வி கேட்டார். அவருக்கு எழுபது வயது. அந்தத் தலைமுறையில் எல்லாமே தன்விக், ரித்திக், ஆத்மிகா என்று கிழட்டுப் பெயர்களாகத்தான் இருக்கும். வடிவு, பொன்னம்மா, கோவிந்தன் என்று நாகரிகமாகப் பெயர் வைக்கும் வழக்கம் பின்னால்தான் வந்தது.

"மருந்தைச் சுவத்துத் தண்ணியிலேயே கலந்துட்டா என்ன மேடம்?"

"அது செம்பு மருந்து சார். பூச்சி சாகும். கூடவே பவளமும் இறாலும் சாகும். மீனையெல்லாம் வெளிய எடுத்துத் தனியா வச்சுத்தான் மருந்து குடுக்கணும்."

"அப்ப சுவத்துக்குள்ள தங்கிட்ட பூச்சி?"

"அதைப் பட்டினி போடணும். மீன்மேல ஒட்டித் தின்னும். கொழுத்ததும் உதிர்ந்து கல்லுல ஒட்டிக்கும். அங்க ஒண்ணு நூறா வெடிச்சு மறுபடி மீனைத் தேடும். ஒரு நாளைக்குள்ள மீன் கிடைக்கலன்னா குஞ்செல்லாம் செத்துரும். சுவத்துல ஒரு மீன்கூட இல்லாம, தண்ணியைக் கொஞ்சம் வெதுவெதுப்பா வச்சிருந்தா, ஆறேழு வாரத்துல வம்சமே இருக்காது."

"ஆறேழு வாரம்னா..." தன்விக் விரல் விட்டு எண்ணினார். "ஒரு மண்டலம்!"

"ஒரு மண்டலம்னே வச்சுக்கலாம்."

அந்த ஒரு வார்த்தை செய்த வேலையைத் துறையின் பத்துச் சுற்றறிக்கை செய்திருக்காது. சுற்றறிக்கை என்றால் பேரம் பேசுவார்கள், மண்டலம் என்றால் பேச மாட்டார்கள். மறுநாளே வேப்பிலையும் மஞ்சளுமாகப் பிளாக் வாசலில் காப்புக் கட்டினார்கள். இருநூறு வீட்டு மீன்களும் வாளி வாளியாக இறங்கித் தரைத்தளத்துச் சமுதாயக் கூடத்துக்கு வந்தன. கூடத்தில் வரிசையாக நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள். நடுவில் ஒரு பெரிய கலக்கும் தொட்டி, அதிலிருந்து ஒவ்வொரு டிரம்முக்கும் மருந்துத் தண்ணீர் கொண்டுபோக மெல்லிய குழாய். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கலாம் என்று வடிவு அனுமதித்தாள். ஆஸ்பத்திரி என்றால் பார்வை நேரம் வேண்டுமே. ஜனங்கள் குளித்துவிட்டு, சுத்தமான உடை உடுத்தி, வரிசையில் நின்று தங்கள் மீனைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மண்டலம் முடிந்தது. காப்பை அவிழ்த்தார்கள், பொங்கல் வைத்தார்கள், மீன்கள் வீடு திரும்பின. ஒரு வாரம்கூட ஆகவில்லை, லிஃப்டில் மறுபடியும் வேப்பிலை ஏறிவிட்டது.

அன்று மாலைக் கூட்டத்தில் பொங்கலின் இனிப்பு யார் முகத்திலும் இல்லை.

"யாரோ ஒரு மீனைக் குடுக்காம ஒளிச்சு வச்சிருக்காங்க" என்றார் தன்விக். "ஒரே ஒரு மீன் போதும்னு மேடமே சொன்னாங்க. அதுமேல ஏறிப் பூச்சி மண்டலம் பூரா உயிரோட இருந்திருக்கு."

"யாருன்னு சொல்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றது பின்வரிசை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கூட்டம் கலையும்போது ஒருவர் இன்னொருவர் வீட்டை மாடியோடு சேர்த்துச் சந்தேகப்பட்டு முடித்திருந்தார்.

வடிவின் மேலதிகாரி ஆத்மிகா போனில் சுருக்கமாகப் பேசுபவர்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். பக்கத்து பிளாக்குக்குப் பரவுச்சுன்னா அப்புறம் நகரத்துல ஒரு பவளம் மிஞ்சாது. மூலம் ஒரே வீடுன்னு தெரிஞ்சா அந்த வீட்டுச் சுவரை மட்டும் கழுவு, அந்த மீனை அழிச்சுடு, மத்தவங்க இன்னொரு மண்டலம் இருக்கட்டும். மூலம் தெரியலைன்னாலோ பல வீடுன்னாலோ, லைன் முழுக்கக் கழுவிடுவோம். விதி அதுதான்."

கழுவுவது என்றால் குளோரினை விடுவது. சுவருக்குள் உயிர் என்று எதுவும் மிஞ்சாது. ஐந்தாம் பிளாக்கில் இருந்த மான்கொம்புப் பவளத்தில் ஒரு வகை வேறெங்கும் இல்லை, கடலிலும் இல்லை. மண்டலத் திட்டம் வேண்டாம், முதலிலேயே கழுவிவிடலாம் என்று ஆத்மிகா சொன்னபோது மல்லுக்கு நின்று தடுத்தவள் வடிவு. இப்போது அந்தப் பவளம், இருநூறு வீட்டு உறவுகள், கூடவே அவள் பேச்சுக்கு இருந்த மரியாதை எல்லாம் வெள்ளிக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தேடுவது கஷ்டமாகவே இல்லை. ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வால்வும் ஒரு நீரோட்ட மானியும் உண்டு. திரையில் எல்லா வீட்டு மானிகளும் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றைத் தவிர. ஒன்பதாம் மாடி, சி வீடு. மண்டலம் தொடங்கிய அன்று மூடிய வால்வு இன்றுவரை திறக்கப்படவில்லை. மானியில் சைபர்.

வால்வை மூடியவனுக்கு ஒளிக்க ஏதோ இருக்கிறது. வடிவு மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

கதவைத் திறந்தவர் ரித்திக். மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர். வடிவைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"மீன் எங்கே சார்?" என்றாள் வடிவு.

"அதான் அன்னிக்கே குடுத்துட்டேனே. ரெண்டு கோமாளி மீனு. இன்னும் திரும்ப வாங்கிக்கல."

"ஒளிச்சு வச்சது?"

அவர் கொஞ்ச நேரம் அவளுடைய பெட்டியைப் பார்த்தார். பிறகு வழிவிட்டார்.

வீடு முழுக்கத் தண்ணீர்க் கேன்கள். சோபாவின் மேல், கட்டிலுக்கடியில், சாமி அலமாரியின் கீழ் என்று எங்கு பார்த்தாலும் கேன். எல்லாவற்றிலும் கடல்நீர், வாயைத் துணியால் கட்டியிருந்தது. ஹால் சுவரில் பவளங்கள் இருந்தன, மீன் இல்லை. தனியாக ஒரு சின்ன மோட்டார் போட்டு அந்தத் தண்ணீரை உள்ளேயே சுழல விட்டிருந்தார். குளியலறைக்குள் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி ஒன்று. அதற்குள் பகடைக்காய் மாதிரி ஒரு மஞ்சள் பெட்டி மீன், விசிலடிக்கப் போகிற உதடுகளோடு வடிவை நிமிர்ந்து பார்த்தது.

"முதலாளி" என்றார் ரித்திக், அறிமுகம் செய்வது போல.

"ஏன் சார் குடுக்கல?"

"அம்மை போட்ட புள்ளையை வீட்டை விட்டு அனுப்புவாங்களா மேடம்?"

"இது அம்மை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." அவர் தொட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "எனக்கு எட்டு வயசு அப்ப. பெருந்தொற்று. உங்களுக்குப் பாடத்துல வந்திருக்கும்."

"வந்திருக்கு."

"எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போக வண்டி வந்துச்சு. நாலு நாள்ல வந்துடுவேன்டான்னு சொல்லிட்டு அவரே நடந்துபோய் ஏறினாரு. நான் ஜன்னல்லேர்ந்து கை காட்டினேன். அப்புறம் வந்தது ஒரு பொட்டலம். சுத்திக் கட்டி, தூரமா வச்சு, முகத்தைக் காட்டல. பிரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அது அவருதானான்னு எங்கம்மாவுக்குச் சாகற வரைக்கும் சந்தேகம். தெருவுல முதுகைப் பாத்துட்டு யாரு பின்னாடியாவது போயிடுவாங்க." நிறுத்தினார். "கோமாளி ரெண்டையும் குடுத்தேன். இதுதான் என் முகத்தைப் பாத்துட்டே இருந்துச்சு. முடியல."

 வடிவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கீழே இருநூறு வீடுகள் இருந்தன. பஞ்சை எடுத்து மீனின் பக்கவாட்டிலும் செவுள் வாயிலும் தடவி, கைலென்ஸின் அடியில் வைத்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை தடவினாள். அப்போதும் இல்லை. கிடைத்ததெல்லாம் தோலில் ஆறிப்போன பழைய தழும்புகள்தான்.

"என்ன மருந்து குடுத்தீங்க?"

"மருந்தா? எனக்கென்ன தெரியும். ரெண்டு தொட்டி வச்சிருக்கேன். மூணு நாளைக்கொரு தரம் இதுலேர்ந்து அதுக்கு மாத்துவேன். காலித் தொட்டியைக் கழுவி பால்கனி வெயில்ல காயப் போடுவேன். முன்னாடியே கேன்ல பிடிச்சு வச்ச தண்ணியை ரொம்ப நாள் மூடி வச்சுட்டுத்தான் ஊத்துவேன். எங்க வாசல்ல தகரம் அடிச்சிருந்த காலத்துல எங்கம்மா அப்படித்தான். பாயி, தட்டு, செருப்பு, எல்லாத்தையும் வெயில்ல போடும். அதுல எது உதவுச்சு, எது உதவலன்னு யாருக்குத் தெரியும்?"

இது உதவியிருந்தது. உதிர்ந்த பூச்சி பழைய தொட்டியிலேயே தங்கிவிட, மீன் மட்டும் புதுத் தண்ணீருக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

"வால்வை எப்ப மூடினீங்க?"

"காப்புக் கட்டின அன்னிக்கு. இதால அடுத்தவங்களுக்கு வரக் கூடாதுல்ல? இன்னும் திறக்கல. எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு பாத்துட்டுத் திறக்கலாம்னு இருந்தேன்."

வடிவு லென்ஸை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தாள். இவரைக் காட்டிக்கொடுத்த அந்தச் சைபரே இவருக்குச் சாட்சியும் சொல்லியது. மூடிய வால்விலிருந்து ஒரு சொட்டுகூட லைனுக்குப் போகாது. நோய் இங்கிருந்து வரவில்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது?

அவள் சமுதாயக் கூடத்துக்கு இறங்கி வந்தாள். டிரம்கள் கழுவப்படாமல் கிடந்தன. ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனவள் ஒரு டிரம்மின் அருகில் நின்றாள். அடியில் ஒரு சங்கு கிடந்தது. இரண்டு டிரம் தள்ளி, உடைந்த பவளத் துண்டு ஒன்று. மூலையில் இருந்ததில் சின்னதாக ஒரு பாறைக்கல். மீனை மொண்டு ஊற்றும்போது தவறி வந்து விழுந்திருக்கும் என்று மண்டலத்தின்போது அவளே இப்படி ஒன்றிரண்டைப் பார்த்து நினைத்திருந்தாள். தவறி விழுகிறவை இத்தனை அழகாக நடுவில் விழாது.

தன்விக்கைக் கூப்பிட்டு, மூலை டிரம்மின் கல்லைக் கையில் வைத்துக் காட்டினாள்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"அது... எங்க பஞ்சவர்ணத்துக்காக வச்சது மேடம்" என்றார். "நாலு பக்கமும் நீலப் பிளாஸ்டிக்கு. எங்க இருக்கோம்னே அதுக்குத் தெரியாது பாவம். வீட்டுக் கல்லு ஒண்ணு பக்கத்துல இருந்தா ஒரு தைரியமா இருக்கும்னு... சின்னதுதான். உள்ளங்கை அளவுகூட இல்ல. திரும்பி எடுத்துட்டுப் போகத்தான் மறந்துட்டேன்."

"மத்தவங்க மறக்காம எடுத்துட்டுப் போயிட்டாங்க. எத்தனை பேர் சார்?"

"எனக்கென்ன தெரியும்? நானே ஒளிச்சுத்தானே போட்டேன்." சிறிது யோசித்தார். "ஆனா ஞாயித்துக்கிழமை வரிசைல எனக்கு முன்னாடி நின்னவங்க கையெல்லாம் மூடித்தான் இருந்துச்சு."

வடிவு அவரைப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து விளக்கினாள். பவளக்கல்லும் சங்கும் சுண்ணாம்பு. சுண்ணாம்பு செம்பைக் குடிக்கும். அவள் கலக்கும் தொட்டியில் சரியான அளவு மருந்து விட்டாள். டிரம்முக்குப் போனதும் கல் அதைக் குடித்துவிட்டது. பூச்சியைக் கொல்லப் போதாத மருந்தில் மீன்கள் பார்வைக்குத் தேறின, செவுளுக்குள் பூச்சி ஒளிந்திருந்தது. போதாததற்குக் கல்லில் ஒட்டியிருந்த பூச்சியும் கல்லோடு வந்து, கல்லோடு வீடு திரும்பியது.

"நீங்க தினம் அளந்தீங்களே மேடம்?"

"கலக்கற தொட்டில அளந்தேன்" என்றாள் வடிவு. "டிரம்ல அளக்கல."

 யாரோ ஒருவர் மண்டலத்தைக் கெடுத்தார் என்றால் இருநூறு பேரும் கெடுத்திருக்கிறார்கள், ஆளுக்கு உள்ளங்கை அளவு. பார்வை நேரம் வைத்த டாக்டருக்கும் அதில் பங்கு உண்டு. கெடுக்காமல் இருந்தவர் ஒன்பதாம் மாடியில் ஒரே ஒருவர், அவர்தான் மீனை ஒளித்தவர்.

 தன்விக் தொண்டையைச் செருமினார்.

"மேல ஒன்பதாம் மாடில வால்வு மூடியிருக்குன்னு பசங்க பேசிக்கறாங்க."

"மூடியிருக்கு. ஆனா அங்கேர்ந்து வரல. இப்பதான் சொன்னேனே."

"எனக்குச் சொன்னீங்க. எனக்குப் புரிஞ்சுது." அவர் குரல் தணிந்தது. "பல வீடுன்னா லைன் முழுக்கக் கழுவுவாங்க. ஒரு வீடுன்னா ஒண்ணுதான். ஒரு வீடா, இருநூறு வீடா மேடம்? நீங்களே சொல்லுங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர். மண்டலம் முழுக்கச் செருப்புப் போடாமல் நடந்தவர். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டார்.

வடிவு வெளியே வந்து ஆத்மிகாவுக்குப் போன் செய்தாள். டிரம், கல், செம்பு என்று ஆரம்பித்தாள்.

"வடிவு" என்றது மறுமுனை. "ஒரு வீடா, இல்லையா?"

கூடத்து வாசலில் பழைய காப்பின் மஞ்சள் துணி ஒரு முனை மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடியது. வடிவு மான்கொம்புப் பவளத்தை நினைத்தாள். லிஃப்டில் பார்த்த பெண்மணியையும் நினைத்தாள். தன்னையும்தான் நினைத்தாள். அப்படி நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"ஒரு வீடுதான் மேடம்" என்றாள்.

ரித்திக்கிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. மறைக்காமல் இருப்பதாவது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தாள். அவருக்கு அது மரியாதையாகப் படவில்லை.

"என் வீட்டுலேர்ந்து வரலைன்னு நீங்களே சொல்றீங்க. எல்லாரும் கல்லைப் போட்டாங்க, நான் ஒருத்தன்தான் போடல. அதனால என் சுவத்தைக் கழுவணும். அப்படித்தானே?"

"நீங்க ஒளிச்சு வச்சது நிஜம்தானே சார்."

"நிஜம்தான். அதுக்கு என்ன தண்டனையோ அதைக் குடுங்க. அடுத்தவங்க செஞ்சதுக்கெல்லாம் சேர்த்து எதுக்குக் குடுக்கறீங்க?"

 அவர் குளியலறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அவர் தள்ளியிருக்கலாம், கத்தியிருக்கலாம், கூட்டத்தில் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இருநூறு சுவர்களின் கணக்கு அவருக்கும் தெரிந்திருந்தது. எப்போதும் யாரோ ஒருவர் வண்டியில் ஏறியாக வேண்டும் என்பது அவருக்கு எட்டு வயதிலேயே தெரியும். கடைசியில் நகர்ந்து வழிவிட்டார்.

"எழுதிக்கோங்க. ஆனா நான் ஒத்துக்கிட்டேன்னு எழுதாதீங்க."

"எழுத மாட்டேன்."

"முகத்தை மூடாம எடுத்துட்டுப் போங்க."

வடிவு முதலாளியை வாளியில் எடுத்துக்கொண்டாள். நடைபாதையில் ஒவ்வொரு கதவும் ஒரு விரற்கடை திறந்திருந்தது. நோய் வீட்டு வாளியைத் திறந்தபடி கொண்டுபோகக் கூடாது என்பது விதி, பார்ப்பவர்களும் பதறுவார்கள். லிஃப்டின் முன்னால் நின்று அவள் மூடியைப் போட்டாள். திரும்பிப் பார்த்தபோது ரித்திக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையை உயர்த்தி ஆட்டப் போனார், பாதியில் கீழே விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதாம் மாடி சி வீட்டுச் சுவரைக் கழுவினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எலும்பு மாதிரி வெளுத்துப் போயிற்று. இரண்டாம் மாடி வரை குளோரின் வாடை இறங்கியது, மூன்றாம் மாடிப் பெண்மணி ஊதுபத்தி ஏற்றினாள். மீன் அழிக்கப்பட்டது என்று வடிவு அறிக்கை அனுப்பினாள். ஆத்மிகா, நல்லது, என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டார்.

இரண்டாவது மண்டலத்துக்குப் பார்வை நேரம் கிடையாது. டிரம்களில் மீனையும் தண்ணீரையும் தவிர வேறெதுவும் இல்லை. வடிவு தினமும் ஒவ்வொரு டிரம்மிலும் கையால் அளந்தாள். ஜனங்கள் கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்று, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, இருநூறு டிரம்களில் தங்கள் டிரம் எது என்று விரலால் காட்டிக்கொண்டார்கள். ஏன் உள்ளே விடவில்லை என்று யாருமே சண்டை பிடிக்கவில்லை. ஒன்பதாம் மாடிக்காரரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர்கள் குரல் சற்று உரக்கவே இருந்தது. ஒரு மீனுக்காக ஊரையே கெடுத்த மனுஷன் என்றார்கள். அவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் அடுத்த லிஃப்டுக்கு நின்றார்கள். அவர் வீட்டுக் கோமாளி மீன்கள் இரண்டும் மண்டலம் முடிந்ததும் எண்ணூறு அடி தள்ளி வேறு பிளாக்குக்குக் கொடுக்கப்பட்டன, வெளுத்த சுவரில் அவற்றுக்கு இடம் இல்லை என்பதால்.

இந்த முறை வம்சம் அழிந்தது. மீன்கள் வீடு திரும்பி மூன்று வாரம் ஆகியும் ஒரு முத்துகூடத் தெரியவில்லை. சங்கம் மறுபடி பொங்கல் வைத்தது, அழைப்பு வீட்டுக்கு வீடு போயிற்று, ஒன்பதாம் மாடியில் ஒரு கதவை மட்டும் தாண்டிப் போயிற்று.

பொங்கலன்று வடிவு வந்தாள். கையில் மூடிய வாளி. எல்லோரும் கூடத்தில் இருந்ததால் லிஃப்டின் முன்னால் யாரும் இல்லை. கதவு மூடப்போகும் சமயத்தில் தன்விக் தொன்னையில் பொங்கலோடு உள்ளே நுழைந்தார். வடிவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வாளியைப் பார்த்தார். உள்ளே ஏதோ வாளியில் மெல்ல இடித்தது, தண்ணீர் சளக்கென்றது.

சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"வாளில என்ன மேடம்?"

"கல்லு சார்" என்றாள் வடிவு.

 லிஃப்டு இன்னும் நகரவில்லை, இரண்டு பேருமே பொத்தானை அழுத்தியிருக்கவில்லை.

"சின்னதா?" என்று கேட்டார் அவர்.

"சின்னதுதான். உள்ளங்கை அளவுகூட இல்ல."

தன்விக் தலையை ஆட்டினார். கையை நீட்டி ஒன்பதை அழுத்தினார். தன் வீடு இருக்கும் ஆறாம் மாடியை அழுத்தவில்லை. ஒன்பதில் கதவு திறந்ததும் அவர் இறங்கவும் இல்லை, கையிலிருந்த தொன்னையை மட்டும் அவளிடம் கொடுத்தார்.

"இதையும் குடுத்துடுங்க. நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம்."

கதவு மூடிக்கொண்டது. வடிவு சி வீட்டு மணியை அடித்தாள். அந்த மண்டலம் முழுக்க அவள் வீட்டுக் குளியலறை பூட்டியே இருந்தது. மூன்று நாளைக்கொரு முறை தொட்டி மாற்றியதில் அவள் கையில் உப்பு அரித்து வெடித்திருந்தது. தொட்டிகளில் ஒன்று எப்போதும் அவள் பால்கனியில் வெயில் காய்ந்தது. அதைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டபோதெல்லாம் ஏதேதோ சொல்லிச் சமாளித்திருந்தாள்.

ரித்திக் கதவைத் திறந்தார். இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தார். அவளை உள்ளே வரச் சொல்லவில்லை. வாளியைக் கண்டதும் ஓர் அடி பின்னால் போனார். மூடிய எதையும் அவர் நம்புவதில்லை.

"வால்வைத் திறக்காதீங்க" என்றாள் வடிவு. "அறிக்கைப்படி இது செத்துப் போச்சு."

வாளியைத் தரையில் வைத்து, மூடியை எடுத்தாள். உள்ளே இருந்தது விசிலடிக்கப் போகிற உதடுகளோடு மேலே நிமிர்ந்தது.

ரித்திக் நடைபாதையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தார். அதைத் தொடவில்லை. குனிந்து, வெகு நேரம் முகத்தைப் பார்த்தார்.

"அதேதான்" என்றார்.